ஆகஸ்டானாவும் கேப்பிட்டலும்: இறையியல் பள்ளியிலிருந்து கலைக் கல்லூரிக்கு இரு வழிகள்

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் 1830-இல் லூத்தரன் (மார்ட்டின் லூத்தர் வழிவந்த கிறித்தவத் திருச்சபை) போதகர்களைப் பயிற்றத் தொடங்கிய கேப்பிட்டல், 1850-இல் பல்கலைக்கழகச் சாசனம் பெற்றது. இடையில் தனித்து நின்ற அதன் இறையியல் பள்ளி 2018-இல் மீண்டும் அதனுடனேயே இணைந்தது.

சுவீடியக் குடியேறிகள் 1860-இல் சிகாகோவில் நிறுவிய ஆகஸ்டானாவோ, இல்லினாய் மாநிலத்தின் பேக்ஸ்டன் ஊர் வழியாக 1875-இல் அதே மாநிலத்தின் ராக் ஐலண்ட் நகரை அடைந்து, கல்லூரியையும் இறையியல் பள்ளியையும் நெடுங்காலம் ஒன்றாகவே நடத்தியது. 1948-இல் இரண்டும் தனித்தனி நிறுவனங்களாயின. 1962-இல் இறையியல் பள்ளி பிற லூத்தரன் பள்ளிகளோடு கலந்து சிகாகோவின் லூத்தரன் இறையியல் கல்லூரியாயிற்று.

1948-இன் அந்தப் பிரிவினை ஆகஸ்டானாவைத் தனித்து நிற்கும் கல்லூரியாக்கியது என்பது உண்மையே. எனினும், போதகராகப் போகிறவரும் வேதியியல் பயில்பவரும் ஒரே நிறுவனத்தில் வாதிட்டுக் கற்க இடம் தரும் கேப்பிட்டலின் வழியே எனக்கு மேலானதாகப் படுகிறது.