மூடியில் ஐ7, உள்ளே ஐ3: பழைய பிராசசர் வாங்குவோர் கவனத்திற்கு

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில், என்னுடைய பழைய மேசைக் கணினிக்குக் கோர் ஐ7-3770 என்று சொல்லி விற்கப்பட்ட பிராசசர் (கணினியின் மூளை போன்ற பாகம்) உண்மையில் அதைவிடத் திறன் குறைந்த கோர் ஐ3-3220 என்று தெரியவந்தது. இதே முறையில் இன்னொருவர் பணத்தை இழக்கக் கூடாது என்பதற்காக, நடந்ததை விவரமாக எழுதுகிறேன். கடையின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு இதே வேலையைத் தொடர அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்காது.

என் கணினியில் இருப்பது எச்61 சிப்செட் கொண்ட மதர்போர்டு. அதன் எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் பிராசசர்களும் 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறையும் பொருந்தும். மூன்றாம் தலைமுறையைப் போடுவதாக இருந்தால், பழைய போர்டுகளில் முதலில் பயாஸை (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) புதுப்பிக்க வேண்டியிருக்கும். எனக்கு ஏற்கெனவே இருந்தது ஐ3-2120. இரண்டு கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்), நான்கு திரெட்டுகள் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசைகள்). கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் எனக்கு அது போதவில்லை. ஐ7-3770-இல் நான்கு கோர்கள், எட்டு திரெட்டுகள், தேவைப்படும்போது வேகம் கூட்டும் டர்போவில் 3.9 கிகாஹெர்ட்ஸ் வரை வேகம். மதர்போர்டையும் டிடிஆர்3 ரேமையும் மாற்றாமல் இத்தனை கிடைக்கிறது என்பதால்தான் அந்தப் பிராசசருக்கு இன்றும் கிராக்கி இருக்கிறது. ஆனால் அதன் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கடைகளில் இப்போது கிடைப்பதில் பெரும்பகுதி, அலுவலகங்கள் கழித்துக்கட்டிய கணினிகளிலிருந்து கழற்றியெடுத்த சரக்கு. கடைக்காரர்கள் அதைத் ‘ட்ரே பீஸ்’ என்பார்கள். பெட்டி, சீல் எதுவும் இருக்காது.

கடைக்காரர் பிராசசரை என் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். உலோக மூடியில் ஐ7-3770 என்றும், அதற்குரிய எஸ்ஆர்0பிகே என்ற குறியீடும், கோஸ்டா ரிகா என்ற நாட்டின் பெயரும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தன. எழுத்துகள் அசல். மூடியும் அசல். விலை 4,500 ரூபாய்; பயாஸ் புதுப்பிக்கத் தனியாக 500. “விண்டோஸ் ஃப்ரீயா போட்டுத் தர்றேன் சார், லெவன் தாராளமா ஓடும்” என்றார். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் பிராசசர்களின் பட்டியல், ஒருசில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதை நான் சுட்டிக்காட்டியதும், விண்டோஸ் 10-ஐயே புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார். அந்த இலவசம் எதற்காக என்பது பின்னால்தான் விளங்கியது.

கணினியை உள்ளே எடுத்துச் சென்று வேலையை முடித்துக் கொண்டுவந்தார்கள். முழுவதுமாக இயங்கத் தொடங்கிய பிறகே மானிட்டர் கேபிளைச் செருகி, ‘திஸ் பிசி’யில் வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து காட்டினார்கள். கோர் ஐ7-3770, 3.40 கிகாஹெர்ட்ஸ் என்று திரையில் இருந்தது.

வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கியபோது, ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய முன்பு ஆன நேரம் அப்படியே ஆயிற்று. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கோர்கள் 2, லாஜிக்கல் பிராசசர்கள் (அதாவது திரெட்டுகள்) 4 என்று காட்டியது. ஐ7-3770 என்றால் அங்கே 4, 8 என்று இருக்க வேண்டும். கணினியை மீண்டும் தொடங்கி பயாஸுக்குள் சென்றபோது ஐ3-3220 என்ற பெயர் அங்கே பளிச்சென்று இருந்தது. பென் டிரைவிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற வேறொரு இயங்குதளத்தை ஏற்றிப் பார்த்தேன். அதுவும் ஐ3-3220 என்றே சொன்னது.

அப்படியானால் விண்டோஸ் மட்டும் ஏன் ஐ7 என்றது? ப்ராப்பர்ட்டீஸ் காட்டும் பெயர், விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள ஒரு மதிப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் அந்த மதிப்பைப் பிராசசரிடமிருந்து வாங்கிப் புதிதாக எழுதும். அது எழுதி முடித்ததும் அதன்மேல் வேறு பெயரை எழுதிவிட்டால், திரையில் அந்தப் பெயர்தான் வரும். வேலைகளைத் தானாக இயக்கிவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து பார்த்தேன். ஏதோ டிரைவர் அப்டேட் போலப் பெயர் சூட்டி, கணினி தொடங்கும்போதெல்லாம் ஐ7-3770 என்று எழுதிவைக்கும் ஒரு சிறிய கட்டளைக் கோப்பை அதில் சேர்த்திருந்தார்கள். இலவச விண்டோஸின் விலை அதுதான்.

மூடியின் கதையையும் சொல்ல வேண்டும். இரண்டாம் தலைமுறைப் பிராசசர்களில் உள்ளே இருக்கும் சில்லையும் மேலே உள்ள உலோக மூடியையும் சாலிடர் (உலோகப் பற்று) வைத்து இணைத்திருந்த இன்டெல், மூன்றாம் தலைமுறையில் அந்த இடத்தில் வெறும் வெப்பப் பசையைப் பயன்படுத்தியது. மூடியின் ஓரத்தில் இருக்கும் சிலிகான் பசையை மெல்லிய பிளேடால் அறுத்தால் மூடி கையோடு வந்துவிடும். ஆகவே, செத்துப்போன ஐ7-இன் மூடியை எடுத்து உயிருள்ள ஐ3-இன் மேல் ஒட்டுவது கைத்தேர்ச்சி உள்ளவருக்குப் பெரிய வேலையல்ல. பிராசசரின் மேல் வெப்பம் தணிக்க இருக்கும் ஹீட்சிங்கைக் கழற்றி, தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, மூடியின் ஒரு பக்கத்தில் கறுப்புப் பசை பிதுங்கிப் பச்சை நிறத் தகட்டின் மேல் வழிந்து காய்ந்திருந்தது. மூடியும் ஒரு மூலையில் மயிரிழை தூக்கி நின்றது.

கடைக்குத் திரும்பிப் போனபோது, முதலில் “அது சாஃப்ட்வேர் கோளாறு” என்றார்கள். உபுண்டுவை அங்கேயே ஏற்றிக் காட்டிய பிறகு, நான் கழற்றிப் பார்த்ததால் வாரண்டி கிடையாது என்றார்கள். பிறகு பில்லைக் காட்டினார்கள். அதில் ‘பிராசசர் – 1’ என்று மட்டும் எழுதி, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தது. இந்த முத்திரையைக் கண்டு யாரும் திரும்பி வந்துவிட வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும் புகார்களுக்குக் கட்டணமே கிடையாது என்பதையும் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு 4,500 ரூபாய் திரும்பி வந்தது. பயாஸுக்கு வாங்கிய 500 ரூபாயை நான் கேட்கவில்லை. அந்த வேலையை மட்டும் அவர்கள் ஒழுங்காகச் செய்திருந்தார்கள்.

பழைய பிராசசர் வாங்கப் போகிறவர்கள் பில்லில் மாடல் எண்ணையும் மூடியிலுள்ள எஸ்ஆர் குறியீட்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். மானிட்டரை முதலிலேயே இணைக்கச் சொல்லி, கணினி தொடங்கும்போதே பயாஸுக்குள் போய்ப் பெயரைப் பாருங்கள். சிபியு-இசட் போன்ற மென்பொருள் பிராசசரிடமே நேரடியாகக் கேட்டுப் பெயரைச் சொல்லும். ஆனாலும் அதை உங்கள் பென் டிரைவிலிருந்து இயக்குங்கள், கடைக்காரரின் கணினியில் இருப்பதை நம்ப வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்தப் பிராசசரைக் கட்டாயம் தர வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதைக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கோஸ்டா ரிகா, எஸ்ஆர்0பிகே என்று பொறித்த மூடி, ஒரு பக்கம் வழிந்த கறுப்புப் பசை, தூக்கி நிற்கும் ஒரு மூலை: இப்படி ஒன்றை யாராவது உங்களிடம் ஐ7 என்று நீட்டினால், வாங்க வேண்டாம்.