கொழுந்துக் கணக்கும் எஸ்கியூஎல்ஆல்கெமியும்

ஹட்டனுக்கு அருகிலுள்ள சிறு தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்து நிறுவைப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும் பணிக்காக, பைதான் நிரல்மொழிக்கான எஸ்கியூஎல்ஆல்கெமியை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். 2006ஆம் ஆண்டு முதல் வெளிவரும் இந்த இலவசத் திறந்த மூல நிரல் நூலகத்தின் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) 2.0 பதிப்பு 2023 ஜனவரியில் வெளியானது. புதிதாகக் கற்பவர்கள் நேரே அதிலேயே தொடங்க வேண்டும். பழைய பாடங்களின் எழுத்துமுறையும் புதியதும் கலந்தால் குழப்பமே மிஞ்சும்.

தரவுத்தள அட்டவணையை ஒரு வகுப்பாகவும் (பொருள்களுக்கான நிரல் வார்ப்பு), அதன் ஒவ்வொரு வரியையும் ஒரு பொருளாகவும் கையாள வைப்பதே இதன் வேலை. 'தொழிலாளர்', 'நிறுவை' என இரு வகுப்புகளை எழுதி அவற்றுக்கிடையே ரிலேஷன்ஷிப் என்ற தொடர்பைக் கொடுத்ததும், ஒருவர் காலை, பகல், மாலை பறித்த கொழுந்து முழுவதும் அவருடைய பெயரின் கீழேயே கிடைத்தது. ஒரு நாளின் நிறுவைகளை ஒரே செஷனில், அதாவது தரவுத்தளத்துடனான ஒரே பணித்தொடரில், சேர்த்து இறுதியில் மொத்தமாகக் கொமிட் (உறுதிப்படுத்திச் சேமித்தல்) செய்வதால், அடைமழையில் நடுவே மின்சாரம் நின்றாலும் அரைகுறைக் கணக்கு தங்குவதில்லை. கிலோக் கணக்கையும் பார்த்துக் கூலி தீர்மானமாகும் மலையகத்தில் இது சிறிய வசதியன்று.

குறை தெரிந்தது மாத இறுதியில். அறிக்கை மிக மெதுவாக வந்ததால், தரவுத்தளத்துடன் இணைக்கும் எஞ்சினில், அனுப்பப்படும் கட்டளைகளைத் திரையில் காட்டும் எக்கோவை இயக்கிவிட்டுப் பார்த்தேன். தரவைக் கேட்டெடுக்கும் செலெக்ட் வரிகள் நிற்காமல் ஓடின: 60 தொழிலாளரின் பட்டியலுக்கு ஒரு வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி), பிறகு ஒவ்வொருவரின் நிறுவைக்கும் தனித்தனியே ஒன்று, ஆக 61. தொடர்புள்ள தரவை நாம் தொடும்போது மட்டுமே எடுத்துவருவது இதன் இயல்பு. தொடர்புள்ள தரவை மொத்தமாக எடுத்துவரச் சொல்லும் செலெக்டின்லோட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் வினவல்கள் இரண்டாகக் குறைந்தன. எக்கோவை முதல் நாளிலிருந்தே இயக்கி வைத்திருந்தால், தரவுத்தளங்களின் வினவல் மொழியான எஸ்கியூஎல்லையும் கூடவே கற்றிருப்பேன். எஸ்கியூஎல் தெரியாமல் இந்த நூலகத்தை நம்பி இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அட்டவணையை மாற்றும்போதும் கவனம் தேவை. இந்த நூலகத்தின் கிரியேட்ஆல் என்ற கட்டளை, இல்லாத அட்டவணையை உருவாக்குமே தவிர, இருக்கும் அட்டவணையில் புதிய கொலத்தை (நெடுவரிசையை) சேர்க்காது. அதற்கு அலெம்பிக் என்ற தனிக் கருவியை நிறுவ வேண்டும். ஆனால் நாம் ஒரு கொலத்தின் பெயரை மாற்றினால், அந்தக் கருவி பழையதை நீக்கிப் புதியதைச் சேர்க்கும்படியே தானாக எழுதித் தருகிறது. அப்படியே இயக்கினால் அந்தக் கொலத்திலிருந்த நிறைகள் அனைத்தும் அழிந்துவிடும். ஆகவே அது எழுதும் கோப்பை வரிவரியாக வாசித்து, தரவுத்தளத்தைப் பிரதியெடுத்த பின்னரே இயக்குகிறேன்.