தடை மட்டும் போதுமா, பேச்சும் வேணுமா?

அணுகுண்டு ஆசைய அடக்க பொருளாதாரத் தடை போதுமான்னு குழம்புறவங்களுக்கு, ரெண்டு நாட்ட வச்சே சொல்றேன்.

பலன்
தடை மட்டும்: வடகொரியா 2006ல மொத டெஸ்ட் பண்ணுச்சு, ஐநா தடை மேல தடை போட்டும் 2017க்குள்ள ஆறு டெஸ்ட் முடிச்சிட்டாங்க.
தடையோட பேச்சு: ஈரான் 2015ல அமெரிக்கா மாதிரி வல்லரசுங்களோட போட்ட ஒப்பந்தத்துல யுரேனியம் செறிவூட்டல (இந்த சதவீதம் கூடக் கூட குண்டு செய்யுறதுக்கு பக்கத்துல போகும்) 3.67 சதவீதத்தோட நிறுத்த ஒத்துக்கிட்டு, ஐநா இன்ஸ்பெக்டர்களயும் உள்ள விட்டாங்க.

தாங்குமா
தடை: வடகொரியாவுக்கு சீனா பக்கம் வியாபாரம் ஓடுற வரைக்கும் ஓட்டைதான்.
பேச்சு: 2018ல அமெரிக்காவ ட்ரம்ப் அந்த ஈரான் ஒப்பந்தத்துலருந்து வெளிய கொண்டு வந்ததும் ஆட்டம் கண்டுருச்சு, 2021ல ஈரான் செறிவூட்டல்ல 60 சதவீதத்துக்கே போயிட்டாங்க.

வலி
தடைன்னா சாதாரண ஜனங்களுக்குத்தான், ஈரான்ல மருந்துக்கு விலக்கு இருந்தும் பேங்க்குங்க பணம் அனுப்ப பயந்ததால நோயாளிங்க பட்ட பாடு ரொம்பக் கொடுமைங்க.

குண்டு இன்னும் செய்யாத நாட்டுக்கு பேச்சும் தடைத் தளர்வும் சேர்ந்தாதான் சரிப்படும். செஞ்சு முடிச்ச நாட்டுக்கு தடை, வேகத்தக் கொறைக்க மட்டும்தான்.