வீட்டு சர்வருக்கு டெபியனா, உபுண்டுவா, அல்மாவா?

மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தால் யுபிஎஸ் செலவும் மிச்சம். சாம்பா போட்டு வீட்டு போட்டோக்களைப் பகிரலாம், பை-ஹோல் போட்டு விளம்பரங்களைத் தடுக்கலாம், ஜெல்லிஃபினில் படம் ஓட்டலாம். டெபியன், உபுண்டு, அல்மா எல்லாம் லினக்ஸ் இயங்குதளத்தின் வெவ்வேறு வடிவங்கள்; எந்த லினக்ஸும் இதையெல்லாம் செய்யும். நான் பார்ப்பது வேறு: ஆறு மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டுத் திரும்பிப் போனால், அது எனக்கு என்ன வேலை வைத்திருக்கும்?

ஆதரவுக் காலத்தை மட்டும் பார்த்தால் உபுண்டுதான். நீண்ட கால ஆதரவுப் பதிப்பான 24.04 எல்டிஎஸ்ஸுக்கு 5 ஆண்டு. சொந்த உபயோகத்துக்கு 5 கணினிகள் வரை இலவசமாகக் கிடைக்கும் ப்ரோ கணக்கைச் சேர்த்தால் 10 ஆண்டு. பாதுகாப்பு அப்டேட்களையும் தானே போட்டுக்கொள்ளும். டெபியனில் அதற்கான பேக்கேஜை நீங்கள்தான் பெரும்பாலும் நிறுவ வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்கு 3 ஆண்டு முழு ஆதரவு, பிறகு 2 ஆண்டு நீட்டிப்பு.

இருந்தும் என் ஓட்டு டெபியனுக்குத்தான். காரணம், உபுண்டு நமக்காக முன்கூட்டியே எடுத்துவிடும் முடிவுகள். 1 டிபி டிஸ்க்கில் உபுண்டு சர்வரைப் போட்டு, இன்ஸ்டாலர் காட்டும் எல்விஎம் (டிஸ்க்கைப் பிரித்து, பிறகு வேண்டியபடி நீட்டிக்க உதவும் முறை) அமைப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். உள்ளே போய்ப் பார்த்தால் 100 ஜிபிதான் இருக்கும்! மீதி எங்கும் போகவில்லை, ஒதுக்கப்படாமல் கிடக்கிறது. ‘எல்விஎக்ஸ்டெண்ட்’ கட்டளையால் நீட்டிக்கொள்ளலாம். ஆனால் இது தெரியாமல் நாலு மாதம் படங்களை ஏற்றிய பிறகு ‘டிஸ்க் நிரம்பிவிட்டது’ என்று வந்தால் தலை சுற்றத்தான் செய்யும்.

அடுத்தது 53ஆம் போர்ட், அதாவது இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் கேள்விகள் வந்துசேரும் வாசல். பை-ஹோலுக்கு அது வேண்டும். உபுண்டுவிலோ அதே வேலையைப் பார்க்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருக்கும். டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) வழியாக பை-ஹோலைக் கிளப்பினால் ‘முகவரி உபயோகத்தில் உள்ளது’ என்று நின்றுவிடும். டெபியனின் வழக்கமான நிறுவலில் இந்தச் சண்டையே கிடையாது.

டெபியன் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. நிறுவும்போது ரூட் எனும் நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல் கொடுத்துவிட்டால், சாதாரணக் கணக்கிலிருந்தே நிர்வாக வேலை செய்ய உதவும் சுடோ வராது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும் என்பது அங்கேயே எழுதியிருக்கிறது, ஆனால் அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? அப்புறம், 13இல் தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி அடைவு ரேமுக்குப் போய்விட்டது. பாதி ரேம் வரை எடுத்துக்கொள்ளலாம். 4 ஜிபி லேப்டாப்பில் அங்கே பெரிய ஜிப்பை விரித்தால் மூச்சு முட்டும்.

நிறுவனங்களுக்கான லினக்ஸ் தரும் ரெட் ஹாட்டின் வழியில் வருபவை அல்மாவும் ராக்கியும். ரெட் ஹாட் லினக்ஸின் இலவச நகலான சென்ட்ஓஎஸ் 8, 2029 வரை இருக்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு, 2021 முடிவோடு சரி என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அந்த வெற்றிடத்தில் பிறந்தவை இவை. அல்மா 9க்கு 2032 வரை அப்டேட் உண்டு. சிக்கல், எஸ்இலினக்ஸ் என்னும் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு: புதிய ஃபோல்டரை சாம்பாவில் பகிர்ந்து 777 அனுமதியே (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்தாலும், உரிய லேபிள் இல்லையென்றால் கதவு திறக்காது. அலுவலகத்தில் ரெட் ஹாட்டோடு மல்லுக்கட்டுபவருக்கு இது நல்ல பயிற்சி. மற்றவர்களுக்கு வீண் தலைவலி. இன்னொன்று, 2013இல் வந்த ஹாஸ்வெல்லுக்கு முந்தைய இன்டெல் சிப் என்றால் ராக்கி 10 ஓடாது. அல்மா 10 அதற்கெனத் தனிப் பதிப்பு தருகிறது.

ஆல்பைன் மிகச் சிறியது, அழகானது. ஆனால் பெரும்பாலான லினக்ஸ்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சிக்காகத் தயாரித்த நிரல்கள், ஆல்பைனின் மசல் நூலகத்தில் அப்படியே ஓடாது. ஃபெடோராவுக்குச் சுமார் 13 மாதம்தான் ஆயுள். தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும் ஆர்ச்சை ஆறு மாதம் மறந்துவிட்டு அப்டேட் கொடுக்கும் தைரியம் எனக்கில்லை.

இவற்றில் டெபியன், உபுண்டு, அல்மா எதைப் போட்டாலும், லேப்டாப்பை மூடி அலமாரியில் வைக்கும் முன் மூடியை மூடினால் என்ன செய்வது என்பதைக் கவனிக்கும் லாகின்டியின் அமைப்புக் கோப்பில் ‘ஹேண்டில்லிட்ஸ்விட்ச்’ வரியை ‘இக்னோர்’ என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மூடிய கையோடு சர்வர் தூங்கிவிடும்.