புரோட்டீன் பவுடர் டின்னா, முட்டையும் பருப்புமா?

கொழும்பு சுகததாஸ மைதானத்தில் குண்டு போடுதல் விளையாட்டுப் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது.

செலவு: டின் இறக்குமதி, விலை கடிக்கும். முட்டை, பருப்பு, நெத்தலி எல்லாம் வெள்ளவத்தைச் சந்தையிலேயே.

வசதி: டின்தான். கலக்கிக் குடித்தால் முடிந்தது.

ஆபத்து: இங்கேதான் யோசிக்க வேணும். லேபலில் இல்லாத ஸ்டீரொய்ட் (தசை வளர்க்கும், விளையாட்டில் தடைசெய்யப்பட்ட மருந்து) டின்னுக்குள் இருக்கலாம். பரிசோதனையில் அது உடம்பில் அகப்பட்டால் பொறுப்பு வீரருக்கே. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெலாரஸின் நட்சேயா ஒஸ்டாப்சுக் 21.36 மீற்றர் போட்டு வென்ற தங்கம், மெட்டனோலோன் என்ற ஸ்டீரொய்ட் அகப்பட்டதும் நியூசிலாந்தின் வலெரி அடம்ஸிடம் போனது. ஒஸ்டாப்சுக்கின் பயிற்றுநர், தானே அவரின் சாப்பாட்டில் கலந்ததாகச் சொல்லியும் (சாப்பாட்டையும் பார்த்துத்தான் சாப்பிட வேணும் போல!) பதக்கம் திரும்பவில்லை.

பாடசாலைப் பிள்ளைக்கு முட்டையே போதும். வேலை முடித்துப் பயிற்சிக்கு ஓடும் பெரியவர்கள் டின் எடுப்பதானால், ஊக்கமருந்துப் பரிசோதனை முத்திரை உள்ளதையே வாங்குங்கள்; பிறகு கேள்வி வந்தால் காட்ட, வெறும் டின்னையும் எறியாதீர்கள்.