லிஃப்ட் கிட் என்று பணம் வாங்கிவிட்டு, போல்ட்டைத் திருகிக் கொடுக்கிறார்கள்

பழைய மஹிந்திரா தார், அதாவது 2020-இல் புதிய வடிவம் வருவதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள், அதை உயர்த்தக் கடையில் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஒரு கடை, இரண்டு அங்குல லிஃப்ட் கிட் என்று சொல்லி என்னிடம் 48,000 ரூபாய் வாங்கியது. முன்புறத்துக்குப் புதிய பாகங்கள், பின்புறத்துக்குப் புதிய ஸ்பிரிங், நீளமான ஷாக் அப்சார்பர் நான்கு, வீல் அலைன்மென்ட் எல்லாம் அதற்குள் அடக்கம் என்று பேச்சு.

வெளியே வந்தபோது வண்டி கம்பீரமாகத்தான் நின்றது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. சிறு பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலும் முன்பக்கம் இரும்போடு இரும்பு இடிக்கும் சத்தம். வேகமெடுத்தால் இருக்கைக்கு அடியில் ஓயாத அதிர்வு. இருட்டியதும் எதிரே வந்த பஸ்காரர்கள் எல்லோரும் டிம் அடித்துக் காட்டினார்கள். என் முகப்பு விளக்கு அவர்கள் கண்ணில் அடித்திருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, “ஒன்றும் ஆகாது அண்ணா, ஓட ஓடச் சரியாகிவிடும்” என்றார்.

என் மாமா மகன் பொள்ளாச்சியில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறான். வண்டியைக் குழிமேல் நிறுத்திப் பார்த்தவனுக்குக் கோபம் தாங்கவில்லை.

என் வண்டியின் முன்புறத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் என்ற நீண்ட இரும்புத் தண்டுதான் முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்குகிறது. அதன் முனையில் உயரத்தைச் சரிசெய்ய ஒரு போல்ட் உண்டு. அதை இறுக்கினால் முன்பக்கம் மேலே வந்துவிடும். ஒரு ரூபாய்ப் பொருள்கூட வாங்க வேண்டாம். கடை செய்தது அவ்வளவுதான். ஆனால் அப்படித் தூக்கினால் சக்கரம் கீழே இறங்க இடம் மிஞ்சாது. பள்ளத்தில் சஸ்பென்ஷன் கை தடுப்பில் போய் இடிக்கும். முன் ஆக்ஸில் மூட்டுகள் சாய்ந்த கோணத்திலேயே சுழன்று, அவற்றின் ரப்பர் உறைகள் கிழியும். அலைன்மென்ட் செய்யாததால் டயரின் ஓரமும் தேயத் தொடங்கியிருந்தது.

பின்புறம் இன்னும் மோசம். புதிய லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங், எதுவும் இல்லை. ஸ்பிரிங்கைத் தொங்கவிடும் ஷேக்கிளுக்குப் பதிலாக அதைவிட இரண்டு அங்குலம் கூடுதல் நீளமான தகடுகளை வெட்டி மாட்டியிருந்தார்கள். ஷேக்கிளில் கூட்டும் நீளத்தில் ஏறக்குறைய பாதிதான் உயரமாகக் கிடைக்கும். ஆக, பின்பக்கம் ஓர் அங்குலம்தான் ஏறியிருக்கிறது. அத்துடன் ஆக்ஸில் லேசாகத் திரும்பி, எஞ்சின் விசையை அதற்குக் கொண்டுவரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறியதால்தான் அந்த அதிர்வு. “புதிய” ஷாக் அப்சார்பர்களின் கறுப்புப் பெயின்டைச் சுரண்டினால் உள்ளே வண்டியோடு வந்த பழைய எண்கள். பிரேக் எண்ணெய் போகும் பின் ஹோஸ் விறைத்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. அந்த வண்டியில்தான் குழந்தைகளை உட்கார வைத்து மலை இறங்கியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் நாங்களே கழற்றிப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தோம். சரியான நீளத்தில் ஷேக்கிள், புதிய ஷாக் அப்சார்பர், பிறகு வெளியே அலைன்மென்ட். கடை வாங்கியதில் கால் பங்குகூட ஆகவில்லை. ஷாக் அப்சார்பர், ஷேக்கிள் மாற்றுவது விவரமறிந்த ஒருவர் துணையிருந்தால் வீட்டிலேயே முடியும் வேலை. ஆனால் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. வண்டியின் சேஸிஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்ட் கொடுத்தாக வேண்டும். டார்ஷன் பாரில் முறுக்கு விசை அடைபட்டிருக்கும். அதைக் கழற்றும் வேலையை அனுபவம் இல்லாதவர்கள் தொட வேண்டாம். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டைக் கழற்றினால் புதிதாகவே போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் இறுக்குங்கள்.

கடைக்குத்தான் போவேன் என்பவர்கள் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து, படம் எடுத்துக்கொண்டு போங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கையில் கொடுத்தால்தான் மீதிப் பணம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

கடைக்காரர் வாயே திறக்காத இன்னொரு விஷயம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உரிமையாளருக்கு விதிக்க வழிசெய்கிறது. மாட்டிய கடைக்காரர் கையை உதறிவிடுவார். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதைத்தான் முதலில் தோண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் வழி கேட்கலாம். எனக்குக் கிடைத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச்சீட்டு மட்டுமே. அதே நிலையில் இருப்பவர்கள் யுபிஐ பதிவையும் கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள்.