வேன் ராத்திரி எங்கே தூங்குகிறது என்று முதலில் கேளுங்கள்

மூன்று கல்வியாண்டில் மூன்று பள்ளி வண்டி மாற்றியாகிவிட்டது எங்கள் வீட்டில். மகள் 2024 மார்ச்சில் முதலாம் ஆண்டு சேர்ந்தாள், இப்போது மூன்றாம் ஆண்டு. அவள் தம்பி இந்த வருடம் ஜனவரி 12-ஆம் தேதி, பள்ளி திறந்த அன்றே அழுதுகொண்டு முதலாம் ஆண்டுக்குப் போனான். வீடு கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில், ஸ்ரீ டெலிமா எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கம் ஒரு பிளாட் (அந்தச் சாலையில் ஒரு பகுதிக்கு 2014-லேயே ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் எந்த வேன்காரரிடமும் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், "எங்கம்மா அது?" என்பார்). பள்ளி செந்தூலில். நடுவில் நான்கைந்து கிலோமீட்டர்தான். கணவருக்கு ஷா ஆலாமில் வேலை, ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார், எனக்கு கிளினிக் கவுண்டர். காலையில் நானே கொண்டுபோய் விட்டாலும் மதியம் ஒரு மணிக்குப் பிள்ளையை எடுக்க எந்த முதலாளி விடுவார்? அதனால் வண்டி வேண்டும்.

இப்போது பிள்ளைகள் போகும் வேனைப் பற்றித்தான் எழுத வந்தேன், ஆனால் முந்தின இரண்டையும் சொல்லாமல் இதன் அருமை புரியாது.

முதல் வேன், பள்ளி கேட்டுக்கு வெளியே நின்ற ஒரு அம்மா கொடுத்த நம்பர். மாதம் 110 வெள்ளி (ரிங்கிட்). அக்கம்பக்கத்தில் எல்லோரும் 150-க்கு மேல் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் 110 என்றதும் நான் வேறு எதையும் கேட்கவில்லை, அது என் தப்பு. அந்த ஆள் குடியிருந்தது செந்தூலிலேயே, பள்ளிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. அதனால் என்ன என்று கேட்பீர்கள். அவர் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு முதலில் எங்கள் பக்கம் வருவார், 5.50-க்கு என் மகள் ஏறுவாள், அங்கிருந்து கெப்போங், ஜிஞ்சாங் எல்லாம் சுற்றி மற்ற பிள்ளைகளை அள்ளிக்கொண்டு 7.05-க்குப் பள்ளியில் இறக்குவார். நான்கைந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்! ஏழு வயதுப் பிள்ளை தினமும் இருட்டில் கெப்போங்கை ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போனது. பசியாறிவிட்டுப் போனாலும் பள்ளி போய்ச் சேர்வதற்குள் மறுபடி பசி, சில நாள் வாந்தி. மதியமாவது முதலில் இறக்குவாரா என்றால் அதுவும் கிடையாது, அதே வட்டத்தைத் திருப்பிப் போட்டு வருவதால் எங்கள் பிளாட் கடைசி.

இதை நான் புரிந்துகொள்ள ஒரு மாதம் ஆனது. வண்டிக்காரர் எங்கே குடியிருக்கிறார், வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது என்பதைக் கேட்டாலே உங்கள் பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும் என்பது தெரிந்துவிடும். உங்கள் வீட்டுக்கு அப்பால் குடியிருப்பவர் என்றால் பள்ளிக்குப் போகும் வழியில் உங்களை எடுப்பார், நல்லது. பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் என்றால் நீங்கள்தான் முதல் ஏற்றம், போச்சு. கட்டணம் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது, ஆனால் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் 2024 ஜூன் வந்தது. தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை ஒரே நாளில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்கு ஏறியது நினைவிருக்கும், ஜூன் 10. அதே வாரம் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி: "டீசல் ஏறிடுச்சி, இனிமே 130." சரி, அவரும் என்ன செய்வார் என்று கொடுக்கத் தயாராகத்தான் இருந்தேன். கிளினிக்கில் கூட வேலை செய்யும் அக்காவின் வீட்டுக்காரர் பள்ளி பஸ் ஓட்டுபவர், பேச்சோடு பேச்சாக அவரிடம் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பெர்மிட் உள்ள பள்ளி பஸ்ஸுக்கு மானிய டீசல் அட்டை இருக்கிறதாம், அப்போது லிட்டர் 1.88-தான், பழைய விலையை விடக் குறைவு. "அவருக்கு ஏன்மா 3.35? பெர்மிட் இருக்கான்னு கேளுங்க" என்றார். கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை, மூன்றாம் நாள் "அதெல்லாம் ஒன்னும் பிரச்சினை இல்லைமா, இருபது வருஷமா ஓட்டுறேன்" என்று வந்தது. நான் கேட்டது எத்தனை வருஷம் ஓட்டுகிறார் என்று இல்லையே.

பெர்மிட் இல்லாமல் காசுக்கு ஆள் ஏற்றும் வண்டியை நம் ஊரில் 'சாப்பு' என்று சொல்கிறோமே, அதுதான் அது. சொந்த வேனில் நாற்காலிகளைக் கழற்றிவிட்டு நீளமாகப் பலகை போட்டு, பன்னிரண்டு பேர் உட்கார வேண்டிய இடத்தில் இருபது பிள்ளைகளை அடைத்திருந்தார். பெர்மிட் வண்டி என்றால் அபாட் (தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம்) உரிமம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோமில் வாகனச் சோதனை, ஓட்டுபவருக்குப் பயணிகளை ஏற்றும் பிஎஸ்வி லைசென்ஸ் எல்லாம் இருக்கும். சாப்பு வண்டிக்கு அது எதுவும் கிடையாது, அதோடு சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்புறுதியை வைத்துக்கொண்டு காசு வாங்கி ஆள் ஏற்றினால், ஏதாவது ஒன்று ஆகும்போது காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடலாம். அவரை மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன், பிள்ளைகளிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை, தீபாவளிக்கு ஆளுக்கொரு முறுக்குப் பொட்டலம் கூடக் கொடுத்தார். ஆனாலும் அந்தப் பலகையை நேரில் பார்த்த பிறகு எனக்கு மனசு ஒப்பவில்லை. கல்வியாண்டு முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினோம், வருட நடுவில் வேறு வண்டியில் இடம் கிடைக்காது என்பது தனிக் கதை.

இரண்டாவது, பெரிய மஞ்சள் பஸ், பக்கவாட்டில் கறுப்பு எழுத்தில் 'பாஸ் செக்கோலா', காகிதமெல்லாம் சுத்தம். பெயர் சொல்ல வேண்டாம், பல பள்ளிகளுக்கு ஓடும் கம்பெனி. 150 வெள்ளி. அந்த வருடம் பழைய கல்வியாண்டு ஜனவரி நடுவில் முடிந்து புதியது 2025 பிப்ரவரி 17-ல் திறந்தது, அதாவது பிப்ரவரியில் பள்ளி பாதி மாதம் கூட இல்லை. முழுக் கட்டணம் கேட்டார்கள். ஏன் என்றால் "இடம் பிடிச்சி வைக்கணும்ல" என்றது ஆபீஸில் இருந்த பெண். பள்ளி பஸ் கட்டணத்தை இப்போது அரசாங்கம் நிர்ணயிப்பதில்லை, அவர்கள் சொல்வதுதான் விலை, வேண்டாம் என்றால் வரிசையில் அடுத்த ஆள். கொடுத்தேன்.

காசு போனால் போகட்டும், நான் அந்த பஸ்ஸை விட்டது ஒரு மதியத்தால். வழக்கமான டிரைவர் லீவு, மாற்று டிரைவர். என் மகள் ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். எங்கள் பிளாட்டில் பஸ் நின்றது, இறங்க ஆளில்லை, கிளம்பிவிட்டது. கீழே கார்ட் ஹவுஸில் காத்திருந்த என் மாமியார் பஸ் வந்ததையும் போனதையும் பார்த்துவிட்டு எனக்கு போன் போட்டார், "பிள்ளை இறங்கலையே" என்று. பள்ளிக்கு அடித்தேன், ஏறினாள் என்றார்கள். பஸ் ஆபீஸுக்கு அடித்தேன், டிரைவர் எடுக்கவில்லை என்றார்கள். நாற்பது நிமிஷம். கெப்போங்கில் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின் சீட்டில் பை தெரிந்ததாம், அப்புறம்தான் பிள்ளை தெரிந்ததாம். அந்த நாற்பது நிமிஷத்தில் நான் கவுண்டரில் யாருக்கு என்ன மருந்து எடுத்துக் கொடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மறுநாள் ஆபீஸில் மன்னிப்புக் கேட்டார்கள், உண்மைதான், ஆனால் "பாப்பாவும் தூங்கக் கூடாது இல்லையா" என்று ஒரு வார்த்தை சேர்த்தார்கள் பாருங்கள், அங்கேயே முடிந்தது.

இனி இப்போதைய வேன். ஓட்டுபவர் ஒரு அக்கா, ஐம்பதைத் தாண்டியவர், சொந்த வண்டி, பெர்மிட் அவர் பெயரில். முதல் நாள் நான் கேட்பதற்கு முன்பே உரிமத்தையும் பிஎஸ்வி அட்டையையும் படம் எடுத்துப் புலனத்தில் அனுப்பிவிட்டார். குடியிருப்பது பத்துமலைப் பக்கம். நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான், சிரித்துவிட்டார், "நீங்க ஏற்கனவே அடிபட்டவங்க போல" என்று. பத்துமலையில் தொடங்கி ஜாலான் ஈப்போ வழியாக நேராக செந்தூலுக்கு இறங்குவதால் எங்கள் பிளாட் கடைசியிலிருந்து இரண்டாவது ஏற்றம், 6.35. மதியம் திரும்பும்போது நாங்கள் இரண்டாவது இறக்கம். ஒரே வீடு, ஒரே பள்ளி, அதே சாலை, காலையில் மட்டும் முக்கால் மணி நேரத் தூக்கம் மிச்சம்.

மகளுக்கு 170, தம்பிக்கு 150, மொத்தம் 320 வெள்ளி மாதம். விலை அதிகம்தான், ஒளிக்கவில்லை. ஆனால் மதியம் ஒருநாள் எனக்கு லீவு, கீழே நின்று பார்த்தேன். வேன் நின்றதும் அவர் இறங்கி வந்து பக்கக் கதவைத் தானே இழுத்துத் திறக்கிறார், இறங்கும் ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டு எண்ணுகிறார், மாமியார் கையில் பிள்ளையின் கையைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புகிறார். டாஷ்போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, பிள்ளை பெயர், வீட்டு எண், யார் கையில் ஒப்படைக்கணும் என்று தமிழில் அவர் கையெழுத்து. எங்கள் வரிக்கு எதிரே 'பாட்டி மட்டும்' என்று இருந்தது. மாமியாருக்கு அதில் பெருமை வேறு. கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகு பின் சீட்டு வரை நடந்து போய்க் குனிந்து பார்ப்பாராம். எங்கள் மதியக் கதையை நான் அவரிடம் சொன்னதே இல்லை, அவராகவே செய்கிறார்.

ஏப்ரலில் ஒரு மதியம் கொட்டிய மழையில் ஜாலான் ஈப்போ அப்படியே நின்றுவிட்டது, செகாம்புட் பக்கம் தண்ணீர் ஏறினால் இங்கே வால் நீளும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஒன்றரைக்கு ஒரு குரல் பதிவு வந்தது, பின்னால் மின்னல் எப்எம்மும் பிள்ளைகள் கத்துவதும் சேர்ந்து கேட்கிறது: "ஜேம்மா, ஒரு மணி நேரம் ஆகும், எல்லாரும் வண்டிலதான் இருக்காங்க, பிஸ்கட் குடுத்துட்டேன், போன் அடிக்காதீங்க, நான் ஓட்டணும்." அவ்வளவுதான், ஆனால் அந்தப் பதிவு வந்த பிறகு நான் நிம்மதியாக வேலை பார்த்தேன்.

குறை இல்லாமலா. ஹார்ன். காலை 6.35-க்கு இரண்டு தரம் அடிப்பார், மூன்றாம் மாடி சீன ஆண்டி என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை. இரண்டு நிமிஷத்துக்கு மேல் காத்திருக்க மாட்டார், தம்பியின் காலுறை தேடிய ஒருநாள் விட்டுவிட்டே போய்விட்டார், கிராப் பிடித்து ஓடினேன். ஏசி முன் சீட்டோடு நின்றுவிடுகிறது, பின்னால் உட்காரும் பிள்ளைகள் வேர்த்து வழிந்துதான் வீட்டுக்கு வருகின்றன, இதை இரண்டு தரம் சொல்லியும் "பார்க்கிறேன்மா" என்பதோடு சரி. புறப்பாட நடவடிக்கை உள்ள புதன்கிழமை அவர் திரும்ப வர மாட்டார், அன்றைக்கு நாமே வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும், எனக்கு அது பெரிய தலைவலி. பிள்ளைகளை அதட்டுவார், நன்றாகவே அதட்டுவார். என் மகன் வீட்டில் சீட் பெல்ட் போடாமல் காரில் உட்கார்ந்தால் "வேன் ஆண்டிகிட்ட சொல்லிடுவேன்" என்று நான் மிரட்டும் அளவுக்கு.

டிசம்பருக்கும் முழுக் கட்டணம் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிட்டார். விடுமுறையில் ஏன் என்று கேட்டதற்கு, வண்டித் தவணை விடுமுறை எடுப்பதில்லை என்றார். சண்டை போட எனக்கு வாய் வரவில்லை, முந்தின கம்பெனிக்கும் இதே காசைத்தான் கொடுத்தேன், அங்கே காரணம் மட்டும் வேறு.

நம்பர் கேட்டுத் தனிச் செய்தி அனுப்ப வேண்டாம். வண்டியில் எத்தனை நாற்காலியோ அத்தனை பிள்ளைதான் ஏற்றுகிறார், அது நிறைந்துவிட்டது, பக்கத்து பிளாட் பெண்ணுக்கே இடம் இல்லை என்று சொல்லிவிட்டார். 2027-க்கு அக்டோபரில் பெயர் எடுப்பாராம், ஒரு மாதப் பணம் முன்கூட்டியே, டுயிட்நவ் போன் பணமாற்று வேண்டாம், கையில்.